இரண்டு விரல் குறைந்த குழாய்

எங்கள் தெருக் கோடியில் ஒரு தையல்காரம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். பழுது பார்க்கத் தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள் என்றால் தெருவே குடமும் வாளியுமாக ஓடும். அந்த அம்மா வீட்டு டிரம் மட்டும் முந்தின நாளே நிரம்பித் தளும்பும். அவர் கண்ணயர்ந்த நேரத்தில் யாரோ வந்து போயிருப்பார்கள். யாரென்று தெருவில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். எனக்குத் தெரியும். அந்த நாட்களில் என் கொழுந்தனாரின் சட்டை வலது தோளில் நனைந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பார்க்கிறவன் மேலே இருக்கிறான், நாம் எதற்கு நடுவில்?

கொழுந்தனாருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. மலைமேல் இருக்கும் தொட்டிக்குத் தினமும் சைக்கிளில் ஏறி, வழியெல்லாம் குழாயில் கசிவு உண்டா என்று பார்த்து, வால்வைத் திருகிவிட்டு இறங்க வேண்டும். ஜீப் ஏறாத தடம், முழுக்கக் கல்லும் வேரும். அதற்கென்றே தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் வைத்திருந்தார்.

அலுவலகத்தில் அவரைப் பம்பரம் என்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், தட்டும் அதோடு ஆடும். வழிபாட்டுக்கு அழைத்துப் போனால், எல்லாரும் கண்ணை மூடிய சற்று நேரத்தில் அவர் வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். அவருடைய அண்ணன், என் வீட்டுக்காரர், உட்கார்ந்தால் முதலில் நாற்காலிதான் எழுந்திருக்கும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு வருஷம் அவருக்குக் கை மரத்துப்போக ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், அது தரையில் உருளும். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். நான் பார்ப்பது தெரிந்தால் திரும்பிக்கொள்வார். டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, இத்தனை காலம் கல்லில் குலுங்கிக் குலுங்கி நரம்பு நசுங்கியிருக்கிறது, குலுக்கலைக் குறைத்தால்தான் கை தேறும் என்றார்.

விஷயம் மேலதிகாரி காதுக்குப் போனது. மாதக் கடைசியில் அலுவலக முற்றத்து வால்வைத் தன் கண்முன்னே இறுக்கி மூடிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் மலை வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. மலைமேல் ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால் கீழே பாதி ஊருக்குத் தண்ணீர் இராது. மலை போனால் கொழுந்தனாருக்குக் கிடைப்பது புகார் மேஜை. காலையிலிருந்து மாலைவரை போன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து அவர் வீட்டுக்குள் நடந்த நடையில் எனக்கே தலை சுற்றியது.

குலுக்கலைக் குறைக்க வழி கேட்டுக் கொழுந்தனார் சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் வண்டியின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தாராம். உள்ளே ஸ்பிரிங் துருவேறி இறுகிவிட்டிருந்தது. “இது ஃபோர்க் இல்ல தம்பி, கடப்பாரை” என்றாராம். காற்றடைத்த ஃபோர்க் வருகிறது, கல்லில் ஏறும்போது தானே அமுங்கி எழும், கைக்கு அடி வராது என்று சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் கையிருப்பைத் துடைத்துக் கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைத்தார்.

அது வந்து சேர்ந்த அன்று பார்த்துக் கடைக்காரர் ஊரில் இல்லை. சொந்தத்தில் ஒரு சாவு, மறுநாள் சாயந்திரம்தான் வருவார். கொழுந்தனார் சமையலறைத் தரையில் ஃபோர்க்கை வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஒரு நாள்ல அது எங்கயும் ஓடிப்போயிடாதுடா” என்றார் என் வீட்டுக்காரர்.

“அது ஓடாது. நான்தான் ஓடிப்போயிடுவேன்.”

புது ஃபோர்க்கின் தலையில் நீளமாக ஒரு குழாய் வரும். அது சைக்கிளின் கழுத்துக்குள் நுழைந்து மேலே எட்டிப் பார்க்கும் இடத்தில்தான் ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிப்பார்கள். வண்டிக்குத் தக்கபடி குழாயை அறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பழைய ஃபோர்க்கைக் கழற்றி, இரண்டையும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பழையதன் உச்சிக்கு நேராகப் புதியதில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு ரம்பத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணி, இதைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க. என் கையை நம்ப முடியல.”

கடைக்காரர் வந்துவிடட்டுமே என்றேன். அவர் வந்தால் டீ குடிப்பார், கதை பேசுவார், அப்புறம் இதே கோட்டில்தான் அறுப்பார் என்றார். ரம்பம் இழுபடும்போதெல்லாம் நான் மனசுக்குள் இறைவன் பேரைச் சொன்னேன். நடுநடுவே அவர் நிறுத்திக் கையை உதறிக்கொண்டார். துண்டு ‘டங்’கென்று விழுந்தது.

குழாயைக் கழுத்துக்குள் செருகினார். மேலே எட்டிப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பார்த்தார், கீழிருந்து தட்டிப் பார்த்தார், விரலை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முழங்கால் ஆடவில்லை.

மறுநாள் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புது ஃபோர்க்கின் கால்கள் பழையதைவிட இரண்டு விரல் நீளம். கால்கள் சேரும் தோளுக்குத் தோள் வைத்து அளந்திருக்க வேண்டும். இவர் தரையில் பாதத்துக்குப் பாதம் வைத்து அளந்ததால் குழாயில் அந்த இரண்டு விரல் போய்விட்டது.

“கழுத்தை அளக்கச் சொன்னா குதிகாலை அளந்திருக்கீங்களே தம்பி.”

ஒட்டுப் போட முடியாதா என்று கேட்டேன். இறக்கத்தில் ஒட்டு விட்டால் ஆளே போய்விடுவார், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றார். இன்னொன்று வாங்கக் கையில் வசதி இல்லை. பழைய கடப்பாரையே திரும்ப ஏறியது. மாதக் கடைசிவரை அதிலேயே மலை ஏறி இறங்கினார். கை இன்னும் மோசமானது. புது ஃபோர்க் கட்டிலுக்கடியில் கிடந்தது. பெருக்கும்போது துடைப்பம் அதில் இடித்தால்கூட அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சோதனை நாளில் அலுவலகமே முற்றத்தில் நின்றதாம். கடைசிச் சுற்றில் அவர் விரல்கள் தாமாகப் பிரிந்துவிட்டன. தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதிகாரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவரே, “முடியல சார், எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டாராம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அங்கே மீட்டர் பார்க்கும் பெண். ஆள் குள்ளம், அலுவலகத்தில் கடுகு என்பார்கள். மலை வேலை அவளுக்குத்தான் போனது. அன்று சாயந்திரமே எங்கள் வாசலில் சைக்கிளோடு வந்து நின்றாள். நான் கேட்டு வாங்கவில்லை அண்ணே என்று சொல்லும்போதே கண் கலங்கியது.

கொழுந்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உயரத்துக்கேற்ற சின்னச் சட்டம். முன்னால் ஸ்பிரிங்கும் இல்லை காற்றும் இல்லை, வெறும் இரும்பு. குனிந்து அதன் கழுத்தை விரலால் அளந்தார். மறுபடி அளந்தார். விறுவிறுவென்று உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் கிடந்ததை இழுத்துக்கொண்டு வந்தார்.

“வா கடைக்கு.”

“ஐயோ, அது உங்க பொருள் அண்ணே.”

“என் பொருளா இருந்தா என் வண்டியில ஏறியிருக்கணும்ல? உன் கை மரத்துப்போறதுக்குள்ள வா.”

அவள் வண்டிக்குக் கழுத்து குட்டை. குழாய் மேலே எட்டிப் பார்த்தது. கடைக்காரர் கவ்வியை மாட்டி முடுக்கினார், கொழுந்தனார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணிக்கும் அவசரப்படுத்தினார்.

புகார் மேஜையில் ஒரு மழைக்காலம்கூட அவர் தாங்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒயர் எட்டுகிற தூரம்வரை நடந்துகொண்டேதான் பேசினாராம். சாயந்திரங்களில் தெருமுனையில் நிற்பார். கடுகு இறங்கி வந்ததும் கையை நீட்டச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லிப் பார்ப்பார். பிறகு, தூரத்து ஊரில் புதுக் குழாய் போடுகிறார்கள், அதன் கூடவே நடந்து பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டார். வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் அங்கேயே காய்ச்சல் கண்டு இறைவனிடம் போய்விட்டார்.

அவர் அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். மழை விடாமல் பெய்தது. உள்ளே இடம் இருந்தும் அவர் உட்காராமல் படியில் நின்றார். வண்டி நகரும்போது குனிந்து சொன்னார்:

“அண்ணி, மழை விட்டதும் அந்தப் பொண்ணை ஃபோர்க்கைப் பிரிச்சு எண்ணெய் மாத்தச் சொல்லுங்க. நான் சொன்னதா வேண்டாம், கடைக்காரர் சொன்னாருன்னு சொல்லுங்க.”