சுந்தரவேலு சாரின் ஞாயிற்றுக்கிழமை

செய்தி வந்தபோது என் வகுப்பில் நான்கே பேர் இருந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிவகாசியில் எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் அவ்வளவுதான் இருப்பார்கள். நிர்வாகி வாசலில் நின்றபடியே, சுந்தரவேலு சார் விருதுநகர் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம் என்றார். நான் பாடத்தை நடத்தி முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

அவரிடம் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல வருடம் பக்கத்து அறையில் பாடம் எடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேர்ட் கற்க வரும் பெண்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரைத் தட்டுவார்கள். மெஷினில் அப்படிப் பழகிய கை. பக்கத்தின் ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், கடிதம் முழுக்கக் கந்தலாகிவிடும். நான் எரிந்து விழுவேன். அவர், "வரி தானா மடங்கிக்கிடும் தாயி. பத்தி முடிஞ்சா மட்டும் தட்டுங்க" என்பார். ஒவ்வொரு பேட்சுக்கும் இதையே சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் அலுத்துப்போனது.

தன்னையே திரும்ப அழைக்கும் புரோகிராம், அதாவது ரிகர்ஷன், யாருக்கும் எளிதில் பிடிபடாது. எங்கே நிற்க வேண்டும் என்று எழுத மறந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் ஓடி ஓடி உறைந்துவிடும். பட்டாசு பேக்கிங் செய்த பிள்ளைகளிடம் அவர் பேக்கிங்கைக் கொண்டே பேசினார். பெரிய பெட்டியில் எத்தனை வெடி என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? "திறங்க. உள்ள பெட்டி இருந்தா அதையும் திறங்க. வெடி வந்துட்டா எண்ணி, ஒவ்வொரு பெட்டியா கூட்டிக்கிட்டே வெளிய வாங்க. உள்ள போறது லேசு. திரும்பி வாறதை மறந்துராதீக." போன வருடம் தாயில்பட்டி முத்துமாரிக்கு அது சட்டென்று புரிந்தது. மறுவாரமே தீபாவளி சீசன், பட்டாசு வேலை என்று அவள் நின்றுவிட்டாள்.

ஒரு மாதம் வராதவர்களின் பெயரை நீக்கிவிட வேண்டும், திரும்பி வந்தால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நிர்வாகியின் விதி. டேட்டாபேஸ் சாரின் பொறுப்பில் இருந்தது. அவர் யாரையும் நீக்கவில்லை. நிலை என்ற கட்டத்தில் 'சீசன்' என்று போட்டு, விட்ட பாடத்தையும் குறித்து வைத்தார். தீபாவளிக்குப் பிறகு முத்துமாரி வாசலிலேயே நின்றுகொண்டு, "பேரு இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"பேரு எங்கன போகும்? ரிகர்ஷன்ல நின்னீக. வந்து உக்காருங்க."

மற்ற நாள்களில் அறை காலியில்லாததால், அப்படித் திரும்பியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தார். அவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது. முகம் வீங்கி, கண் சொருகி வந்து நிற்பார். உங்களுக்கென்ன வேண்டுதலா என்று ஒருநாள் சத்தம் போட்டேன். "சீசனுக்குப் போறது அதுகளா எடுத்த முடிவா டீச்சர்?" என்றார். சாவு வீட்டில் அவர் மனைவி, ஞாயிற்றுக்கிழமையாவது படுத்திருக்கலாமே என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

காரியம் முடிந்த பிறகு, ஆசிரியர் பட்டியலிலிருந்து சாரின் பெயரை எடுத்துவிடச் சொன்னார் நிர்வாகி. வரியைத் தேர்ந்து நீக்கப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மறுத்தது. இந்த ஆசிரியருடன் இணைந்த பதிவுகள் இன்னும் இருக்கின்றன என்றது. பார்த்தால், இந்த வருடம் சீசனுக்குப் போன பிள்ளைகள். முத்துமாரியும் மறுபடி போயிருந்தாள். எல்லாரும் அவருடைய எண்ணோடு கட்டப்பட்டிருந்தார்கள்.

"அதுகளையும் சேத்து எடுத்துருங்க டீச்சர்" என்றார் நிர்வாகி.

ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் அவர் எண்ணை மாற்றி என் எண்ணை அடித்தேன். அதன் பிறகு அவர் பெயர் மறுப்பில்லாமல் போய்விட்டது.

ஆகவே, அவரிடமிருந்து எனக்கு வந்திருப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைதான். ஆசையோடு வாங்கிக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் உடம்பு அசந்துதான் போயிருக்கிறது. ஆனால் தீபாவளி கழிந்து முத்துமாரி வாசலில் நின்று பேர் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது.