‘அ’ என்ற நோயாளி

என் ஆய்வேட்டிலிருந்து நாலாம் இயலை எடுத்துவிடச் சொன்ன முதல் ஆள் என் நெறியாளர். மதுரையில், அவருடைய அறையில், டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

“நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஒரு இடத்துல எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அதனாலதான் சொல்றேன், இது தத்துவம் இல்ல, கதை. பத்திரிகைக்கு அனுப்புங்க. ஆய்வேட்டுல ரெண்டு வரி உதாரணமா இருந்தாப் போதும்.”

அந்த இரண்டு வரியையும் அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ‘அ’ என்ற நோயாளியிடம், ‘ஆ’ என்ற உறவினர் நோயின் தன்மையை மறைக்கிறார். ‘ஆ’ செய்தது சரியா?

அன்பினால் சொல்லும் பொய்யை நியாயப்படுத்த முடியுமா என்பதுதான் என் ஆய்வு. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்துவந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் ஏறினேன். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் கோபம் வந்துவிட்டது. அவர் ‘அ’ என்று எழுதியது என் மாமனாரை.

என் மாமனாருக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். பேச்சில் சத்தம் அதிகம், சாப்பாட்டில் காரம் அதிகம். தன் பந்தலில் விளைந்த பழத்தை வாயில் வைக்க மாட்டார். “என்ன மருந்து அடிச்சேன்னு எனக்குல்ல தெரியும்” என்பார். அவருக்கு உடம்பு மெலிய ஆரம்பித்தபோது மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் நாத்தனார் முடிவெடுத்துவிட்டார். என் கணவருக்கு அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன்.

“அப்பாகிட்ட யாரும் வாயத் தெறக்கக் கூடாது. குடல்புண்ணுன்னு சொல்லிக்குவோம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், “அவுக உடம்பு மதினி. அவுகளுக்குத் தெரிய வேண்டாமா?” என்றேன்.

“ஒன் படிப்பையெல்லாம் இந்த மதுரையோட விட்டுட்டு வா” என்றார்.

வீட்டுக்கு வந்தபின் மதினி அப்பாவின் எதிரே சிரித்துக்கொண்டே இருந்தார். சோறு போடும்போது சிரிப்பு, மாத்திரை கொடுக்கும்போது சிரிப்பு. அடுப்படிக்குப் போனதும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா என்னைத் தோட்டத்துக்குத் துணைக்கு வரச் சொன்னார். பந்தலுக்குக் கீழே கொஞ்ச தூரம் நடந்ததும் மூச்சு வாங்கி, ஒரு கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆத்தா, பழைய கொடியக் கழிச்சுக் கவாத்து வெட்ட ஆளு சொல்லணும். இப்ப வெட்டுனா, காய் கைக்கு வர நாலு மாசம் ஆகும். அதுக்கு நான் இருப்பனா?”

உண்மையை அறியும் உரிமை பற்றி நான் அதற்குள் நூறு பக்கத்துக்குமேல் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தூணைப் பிடித்திருந்த அவர் விரல்கள் மஞ்சளித்திருந்தன. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார். நான் பொய் சொல்ல இடம்விட்டுத்தான் அப்படி நின்றார் என்று தோன்றியது.

“குடல்புண்ணு இல்ல மாமா. ஈரல்ல கட்டி. கஷ்டம்னுதான் டாக்டர் சொன்னாரு.”

அவர் கொடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“எம்மகளுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பாவம், சிரிச்சுச் சிரிச்சு ஓஞ்சு போயிருப்பா.”

தன் சாவைப் பற்றி அன்று அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு, “எனக்குத் தெரியும்கறது நான் இருக்கற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்காகத்தான செய்யுறா, செஞ்சுட்டுப் போகட்டும்” என்றார். சரி என்றேன். பொய் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அந்த வரப்பில் அவருடைய பொய்க்குக் கூட்டாளியானேன்.

கவாத்துக்கு ஆள் சொல்லி, வெட்டி முடித்தார். வீட்டில், “காரத்தக் கொறச்சுப் போடு ஆத்தா, புண்ணு ஆறணும்ல” என்று மகளிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாழ்நாளெல்லாம் காரம் போதவில்லை என்று சண்டை போட்ட மனிதர். மதினி சிரிப்பார். அவரும் சிரிப்பார். இரண்டு பேர் சிரிப்பையும் அறிந்தவள் நான் ஒருத்திதான். காய் கறுக்க ஆரம்பிக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

இதை இரண்டு வரியில் எழுதச் சொன்னார் நெறியாளர். எழுதிப் பார்க்காமல் இல்லை. ‘அ’ என்பவரை வைத்துக் கேட்டால் வகுப்பில் எல்லாரும் கை தூக்குவார்கள். பாதிப்பேர் மறைக்கலாம் என்பார்கள், பாதிப்பேர் கூடாது என்பார்கள். ஆனால் ‘அ’ என்பவருக்கு மகள் இல்லை. கவாத்து வெட்ட வேண்டிய பந்தல் இல்லை. தெரிந்துகொண்டே தெரியாதவர்போல் இருக்க அவரால் முடியாது, ஏனென்றால் அவருக்கு முகமே இல்லை. எங்கள் வீட்டில் ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் என் ஆய்வு கண்ட முடிவு. கதையை எடுத்துவிட்டால் முடிவும் போய்விடும். இதைத்தான் அடுத்த முறை நெறியாளரிடம் சொன்னேன்.

“கதை யாரையும் நம்ப வச்சிரும்மா. தத்துவத்தோட வேல நம்ப வைக்கிறது இல்ல, சோதிக்கிறது” என்றார். சாதாரணமான பதில் அல்ல அது. பல நாள் யோசித்தேன். யோசித்தபின்னும், என் நூறு பக்கத்தைச் சோதித்துக் கவிழ்த்தது அந்தத் தோட்டத்தில் நடந்ததுதானே என்றே தோன்றியது. நாலாம் இயல் அப்படியே இருக்க, அவர் கையெழுத்துப் போட்டார், மனசில்லாமல். மதிப்பீட்டுக்குப் போன ஆய்வேடு நாலாம் இயலை நீக்கச் சொல்லித் திரும்பி வந்தது. ஏன் நீக்க மாட்டேன் என்று கூடுதலாகச் சில பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்தது. அதற்குள் பதிவுக்காலம் முடிந்துவிட்டது. என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட இனி வழியில்லை.

தேனியில் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியரிடம் அந்த இயலைக் கொடுத்தேன். அவருக்குக் கதை பிடித்திருந்தது. “மாமனார் எறந்ததோட முடிஞ்சிருச்சுங்க. அதுக்கப்புறம் நீங்க உக்காந்து யோசிக்கிறீங்க பாருங்க, அந்தப் பகுதிய மட்டும் எடுத்துருவோம்” என்றார். கதை படிப்பவர்கள் யோசிக்கமாட்டார்கள் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அங்கே கதை அதிகம், இங்கே யோசனை அதிகம். தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் கதையும் யோசனையும் ஒன்றாகவே இருக்க, ஒரு சின்னப் புத்தகமாக நானே அச்சுக்குக் கொடுத்தேன்.

அச்சுக்குப் போகுமுன் மதினியிடம் ஒரு பிரதி கொடுத்தேன். அனுமதி கேட்டுக் கொடுக்கவில்லை. வேறு யாரும் சொல்லி அவர் அறியக் கூடாது என்றுதான் கொடுத்தேன். மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த வருஷம் மாமாவின் திதிக்கு எல்லாரும் கூடியபோது, அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த நேரத்தில், தேங்காயை உடைத்துக்கொண்டே கேட்டார்.

“நான் ஓஞ்சு போயிருப்பேன்னு நெசமாவே அப்பா சொன்னாகளா? இல்ல நீயா எழுதுனதா?”

“அவுக சொன்னதுதான் மதினி.”

தேங்காய்த் தண்ணீர் சிந்தாமல் சொம்பில் ஊற்றினார்.

“அப்ப என் முன்னாடி நடிச்சிருக்காக. காரம் வேண்டாம்னதெல்லாம்.”

“நீங்களும்தான நடிச்சீக.”

“நீ அன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். “இப்ப எழுதியிருக்கவும் கூடாது. நான் நல்லபடியா அவுகள அனுப்பி வச்சேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

அது எனக்கு வலித்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வரவில்லை. கேட்டிருந்தால் அதுவும் ஒரு பொய்யாகியிருக்கும்.

“அவுக கேட்டாக, நான் சொன்னேன். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னு நீங்க கேட்டாலும் சொல்வேன் மதினி.”

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் கேக்க மாட்டேன்” என்றார். உடைத்த மூடியில் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் துருவ ஆரம்பித்தேன்.