அத்தையும் நானும் ஆடிய டிவி கேம்

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த புதிதில் என் மாமியாரோடு நான் பேசிய பேச்செல்லாம் அரிசி, விறகு, தண்ணீர் என்ற அளவில் நின்றுவிடும். சண்டை எதுவும் இல்லை. அவர் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். காலையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வருவார். சுபாவத்திலேயே பேச்சுக் குறைவு. நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரி. எந்நேரமும் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் வளர்ந்தவள். மாமனார் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் கடைவீதியில் ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பகல் முழுக்க அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருப்பேன். சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து துணிகளெல்லாம் ஈரமாகிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த வருடம் ஆடி மாதத்தில் என் கரு கலைந்தது. நான்காவது மாதம். சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: “போனாப் போவுது உடு, சின்ன வயசுதானே, இன்னொண்ணு வராமயா போயிரும்.” ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல் இருக்கும்.

புரட்டாசியில் மலைக்குத் திரும்பினேன். மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நான் குடத்தைத் தூக்கினால் வந்து பிடுங்கிக்கொள்வார். விறகு எடுக்கப் போனால், “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்பார். துணி துவைக்க உட்கார்ந்தால் வாளியே காணாமல் போயிருக்கும். கணவரிடம் சொன்னேன்.

“உங்கம்மா என்னை எதுக்கும் ஆகாதவள்னு ஒதுக்கறாங்க.”

“அதெல்லாம் இல்லை. அவங்க அப்படித்தான்” என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். அவருக்கும் அம்மாவிடம் இதைப் பேசத் தெரியவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் கணவர் கடையிலிருந்து ஒரு பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சீசனுக்கு வருகிறவர்கள் விளையாடுவதற்காக ஒரு லாட்ஜில் வாங்கி வைத்திருந்த டிவி கேம். பழுதாகி ரிப்பேருக்கு வந்தது. லாட்ஜ்காரர் அதற்குள் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால், “அதை நீயே வெச்சுக்கப்பா” என்று சொல்லிவிட்டாராம். ஏதோ கம்பியை மாற்றி இவர் சரிசெய்திருந்தார். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் அதை மாட்டி, கேசட்டைச் செருகினார். கீ கீயென்று ஒரு பாட்டு வந்தது. திரையில் சின்னச் சின்ன டாங்கிகள் ஓடின. அவர் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பட்டன் கட்டையை அம்மாவிடம் நீட்டினார்.

“புடிச்சுப் பாருங்கம்மா.”

“எனக்கெதுக்குடா அதெல்லாம்” என்று அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

மறுநாளும் மழை. எஸ்டேட்டில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம். மாமியார் தொண்டையைச் செருமினார்.

“ஏங்கண்ணு, அந்தப் பொட்டியைப் போட உனக்குத் தெரியுமா?”

“தெரியுங்க அத்தை. அவர் போட்டதைப் பாத்தனுங்க.”

“அப்பப் போடு. சும்மாதானே இருக்கோம்.”

ஆளுக்கொன்றாகக் கையில் பிடிக்க இரண்டு பட்டன் கட்டைகள். அவற்றின் ஒயர் நீளம் போதாது. டிவிக்கு முன்னால் ஒரே பாயில் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டியிருந்தது. அதுவரை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுகூட இல்லை.

ஆட்டம் சுலபம்தான். கீழே நடுவில் ஒரு கோட்டை, அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் சுட்டுக்கொண்டே இறங்கி வரும். நம் டாங்கிகள் இரண்டும் அவற்றை அழித்துக் கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். கலர் டிவியில் நம் டாங்கி இரண்டும் வேறு வேறு நிறம். எங்கள் டிவியில் இரண்டும் ஒரே சாம்பல்.

“இது நானு, பாரு, எப்படிப் போறேன்” என்பார் அத்தை.

“இல்லீங்க அத்தை, அது நானுங்க. நீங்க அந்தச் சுவத்துல முட்டிட்டு நிக்கறீங்க.”

“அதானே பாத்தேன், திருப்புனாத் திரும்ப மாட்டேங்குதேன்னு.”

டாங்கியை இடது பக்கம் திருப்ப அவர் உடம்பு முழுவதையும் இடது பக்கம் சாய்ப்பார். அந்த இடியில் நான் பாயைவிட்டே போய்விடுவேன். என் டாங்கியைப் பலமுறை அவரே சுட்டார். கூட்டாளியின் குண்டு பட்டால் டாங்கி சாகாது, கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். “ஐயோ, மருமவளைச் சுட்டுட்டனே” என்றார். நான் சிரித்துவிட்டேன். மலைக்குத் திரும்பி வந்த பிறகு அன்றுதான் சிரித்தேன். அவரும் சிரித்தார். முன்பல் ஒன்று அவருக்கு லேசாகத் தெற்றியிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் மழை நாட்களில் சோறு ஆக்கி இறக்கியதும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம். கரண்ட் போனால், வருகிற வரைக்கும் கட்டையைக் கையில் பிடித்தபடியே காத்திருப்போம். எங்களுக்குள் ஒரு முறை உருவாகியது. அவர் முன்னால் போய்ச் சண்டை போடுவார், நான் கோட்டைக்குப் பக்கத்தில் காவல். கத்திரிக்காய் விலை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் சிடுசிடுப்பு, நான் படித்த பள்ளிக்கூடம் எல்லாம் ஆட்டத்துக்கு நடுவே பேச்சில் வந்தன. முகத்தைப் பார்த்து உட்கார்ந்தால் எங்களுக்கு வார்த்தை வராது. கண் திரையிலும் கை பட்டனிலும் இருந்தபோது பேச்சு தானாக வந்தது.

அப்படி ஒரு மத்தியானம் என் டாங்கி குண்டு பட்டு வெடித்துப் போயிற்று. நான் “ஐயோ” என்றேன்.

“போனாப் போவுது சாமி, இன்னொண்ணு வருதில்ல” என்றார் அத்தை.

எனக்குக் கை நின்றுவிட்டது. புதிய டாங்கி கீழே வந்து நின்றது. நான் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. அத்தை சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டதுபோலும். அவருடைய டாங்கியும் நின்றது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரிகள் சாவகாசமாகச் செங்கல் சுவரை உடைத்தார்கள்.

“எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க” என்றார், என் பக்கம் திரும்பாமல். “உம்புருசனுக்கு முந்தி ஒண்ணு எனக்குத் தங்காமப் போயிருச்சு. இன்னொண்ணு வரும், இன்னொண்ணு வரும்னு ஊரே சொல்லுச்சு. வந்துது, வரலேன்னு சொல்லல. ஆனா அது வேற, இது வேறதானே கண்ணு.”

நான் கட்டையைப் பாயில் வைத்தேன்.

“நாலு நாள்கூட ஊட்டுல இருக்க உடல. காப்பிப் பழம் பழுத்துக் கெடக்குதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. மூட்டை தூக்குனேன். நொம்ப நாளைக்கு இடுப்பு வலி நிக்கலை. யாருகிட்டச் சொல்றது? மாமியாகிட்டச் சொல்ல முடியுமா?”

கோட்டை வெடித்து ஆட்டம் முடிந்தது. பாட்டு ஒலித்து அடங்கியது.

“அதனாலதான் கொடத்தைப் புடுங்குனீங்களா அத்தை?” என்று கேட்டேன்.

“பின்ன எதுக்குன்னு நெனச்ச?”

“நான் எதுக்கும் ஆகாதவள்னு நெனச்சீங்கன்னு…”

இப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “அடப் பைத்தியமே” என்றார் மெதுவாக. “வாயத் தொறந்து சொல்லியிருக்கோணும் நானு. எனக்குச் சொல்லத் தெரியலை.”

ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை. அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். புடவையில் அடுப்புப் புகை வாசனை. வாயை அடைக்கவோ சமாதானம் சொல்லவோ அவர் முயலவில்லை. அழுது முடிந்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கி, மூச்சு தடையில்லாமல் வந்தது. அங்கேயே பாயில் படுத்து, மாதக்கணக்கில் தூங்காதவள்போல் தூங்கினேன்.

எழுந்தபோது மழை விட்டிருந்தது. அத்தை தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்.

“வந்து காவல் நில்லு கண்ணு. நீ இல்லாம ஒரு கட்டங்கூடத் தாண்ட முடியலை” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அத்தை கடைசிவரை அதிகம் பேசாதவர்தான். ஆனால் அவருடைய மௌனத்தைக் கண்டு நான் பயந்தது அன்றோடு போயிற்று. குடத்தை எப்போது தூக்கலாம் என்று அவரே சொன்னார். கார்த்திகை பிறந்து காப்பிப் பழம் எடுக்கிற வேலை தொடங்கியதும் அவரோடு நானும் எஸ்டேட்டுக்குப் போனேன். குழந்தைகள் பிறகு பிறந்தார்கள்.

பழம் எடுக்கும் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், நாங்கள் ஒருநாளும் தாண்டாத ஒரு கட்டத்தில் இருந்தோம். சுற்றிலும் தண்ணீர், குறுகலான வழி, எதிரிகளில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கணவர் நனைந்துபோய் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“பசிக்குதும்மா” என்றார்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சோறு பானையில இருக்குது. கொழம்பு பக்கத்துலயே இருக்குது. போட்டுச் சாப்புடு.”

கணவர் என்னைப் பார்த்தார். நானும் எழுந்திருக்கவில்லை.