அடுப்படிக்குக் கேட்ட ஜெபம்

எங்கள் வீட்டில் மனதுக்குள் ஜெபிக்கக் கூடாது. வாயைத் திறந்து, சத்தமாக, தெருநாய் எழுந்து உட்காரும் அளவுக்கு ஜெபிக்க வேண்டும். "மனசுக்குள்ள பண்ணுனா பிசாசு தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிரும்" என்பாள் அம்மா. காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். அப்பா முன்னறையில், அம்மா அடுப்படியில், நான் உள்ளறையில் என்று ஆளுக்கொரு இடத்தில் முட்டி போடுவோம். கீரனூரில் எங்கள் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் சத்தத்தில்தான் அவருடைய மகன் எழுந்து திருச்சிக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறான் என்று சிரிப்பார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. உள்ளறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டும்போது செங்கல் தீர்ந்துவிட்டது. காற்றோட்டத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மேலே ஒன்றரை அடி திறந்தே கிடந்தது. எனக்கு வந்த கேடு பாதி அந்த ஒன்றரை அடி வழியாகத்தான் வந்தது.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்குக்கு பிட் கொண்டுபோனேன். யாரும் பிடிக்கவில்லை. மறுநாள் காலை முட்டி போட்டு, "ஆண்டவரே, பாவாடை மடிப்புல பிட் வச்சிருந்தேன், இனிமே பண்ண மாட்டேன்" என்று அழுதேன். அன்று மதியம் அம்மா பள்ளிக்கூடத்தில் நின்றாள். தலைமையாசிரியை என்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். அம்மா வானத்தைப் பார்த்து, "ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்துனாரு" என்றாள்.

நான் நம்பினேன். அடுத்த ஞாயிறு சபையில் அம்மா இதைச் சாட்சியாகவே சொன்னாள். மகள் செய்த தப்பை ஆண்டவர் அடுப்படியில் வைத்துத் தனக்குக் காட்டினார் என்று. சபை அல்லேலூயா என்றது. நான் பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தரிசன வரம் இருக்கிறது என்று பேச்சு பரவி, பிள்ளை வரம், விசா, வயிற்றுவலி என்று ஆட்கள் எங்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஆண்டவர் மேல் கோபம். உம்மிடம் நம்பிச் சொன்னால் உடனே போய் அம்மாவிடம் போட்டுக்கொடுக்கிறீரே, இது என்ன பழக்கம் என்று நினைப்பேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைவிட, எனக்குப் பேசுவதற்கு வேறு யாரும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதெல்லாம் அம்மாவுக்கு வெளிப்பட்டது. ஒளித்துவைத்த லிப்ஸ்டிக், தோழியோடு பார்த்த சினிமா, பாஸ்டரின் பிரசங்கம் போரடிக்கிறது என்ற நினைப்பு, எல்லாம்.

கல்லூரி இரண்டாம் வருஷம் அப்பா இறந்தார். ஒரு சாயங்காலம் நெஞ்சு அடைக்கிறது என்றார். "புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருவோமா?" என்று அவரே கேட்டார். "விசுவாசம் வேணுங்க" என்றாள் அம்மா. பாஸ்டர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். இரண்டு நாள் வீடு முழுக்க ஜெபம். மூன்றாம் நாள் காலையில் உதடு கறுத்துப்போன பிறகு ஆட்டோவைக் கூப்பிட்டோம். ஊர் எல்லையைத் தாண்டி கொஞ்ச தூரம்தான் போனோம். அதற்குள் முடிந்துவிட்டது. ஆண்டவர் தம்மிடம் எடுத்துக்கொண்டார் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். இரண்டு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தினமும் ஏழு பத்து பஸ். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர் திருக்கோகர்ணத்துக்காரர், விவசாயக் குடும்பம், இந்து. ஒரு நாள் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார். எனக்கும் பிடித்திருந்தது. அந்த வாரம் பார்த்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே இல்லை. ஆறு நாள் உதட்டை மட்டும் அசைத்து ஆண்டவரிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். வேண்டும் என்றேன், பயமாக இருக்கிறது என்றேன், அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றேன். ஆறு நாளும் அம்மாவுக்கு ஒன்றும் வெளிப்படவில்லை. ஏழாம் நாள் குரல் திரும்பியது. அதையே சத்தமாகச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன்னறை நாற்காலியில் பாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

பாஸ்டர் என் போனில் இருந்தே அந்தத் திருக்கோகர்ணத்துக்காரரிடம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அவர் என் மேஜைப் பக்கமே வரவில்லை. இரண்டே மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பாஸ்டர் வந்துபோன மறுநாள் காலை, அடுப்படியில் அம்மாவின் சத்தம் நின்றதும் ஜெபித்துக்கொண்டே எழுந்தேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று சத்தம் குறையாமல் சொல்லிக்கொண்டே பூனை மாதிரி நடந்து அடுப்படி வாசலில் எட்டிப் பார்த்தேன். அம்மா அரிசி டிரம் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முகம் அந்த ஒன்றரை அடியை நோக்கித் திரும்பியிருந்தது. முக்காடு போட்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். ஒட்டுக் கேட்பதிலும் பக்தி குறையவில்லை. சத்தம் போடாமல் திரும்பிவந்து ஆமென் சொல்லி முடித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு பாவமும் அறியாத ஆண்டவரைப் போய்க் கோள்மூட்டி என்று நினைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கே அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பாத்திரம் பறந்திருக்கும், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருந்திருக்காது, அதோடு போயிருக்கும். நான் கேட்கவில்லை. எனக்கு அதைவிட நல்ல வழி கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் முட்டி போட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "தகப்பனே, என் அம்மாவை மன்னியும். நெஞ்சு வலின்னு சொன்ன மனுசனை ரெண்டு நாள் வீட்டுல போட்டு வச்சிருந்தாங்க. அவரே ஆஸ்பத்திரிக்குப் போகலாமான்னு கேட்டாரு. அவங்க கூட்டிட்டுப் போகல. தெரியாம கொன்னுட்டாங்க ஆண்டவரே, மன்னியும்." அம்மாவால் என்ன சொல்ல முடியும்? பதில் சொன்னால் ஒட்டுக் கேட்டது வெளியே வந்துவிடும். தரிசனம் எல்லாம் டிரம் மேல் ஏறி நின்று வாங்கியது என்று ஆகிவிடும். அன்று என் தட்டில் இட்லியை வைத்தவள் சட்னி ஊற்ற மறந்து அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்திருந்தது.

ஒரு வருஷம் விடாமல் செய்தேன். ஒரு நாள் அப்பாவின் உதடு கறுத்ததைச் சொல்வேன். ஒரு நாள் அவர் தண்ணீர் கேட்டதைச் சொல்வேன். சில நாள் ஏதுமறியாதவள் போல, "அம்மாவுக்கு நீர் எல்லாத்தையும் வெளிப்படுத்துவீரே, அப்பா சாகப்போறதை மட்டும் ஏன் வெளிப்படுத்தல?" என்று கேட்பேன். அம்மா கேட்காமல் இருந்திருக்கலாம். அடுப்படியை விட்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. தினமும் நின்று கேட்டாள். ஜெபிப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்தது. சபையில் என்னை எழுந்து ஜெபிக்கச் சொல்வார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். அந்த ஒரு வருஷமும் நான் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் டிரம் மேல் நின்றவளிடம்தான் பேசினேன்.

முதலில் அம்மாவின் சத்தம் குறைந்தது. பிறகு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவதை விட்டாள். வீடு தேடி வந்தவர்களிடம், "எனக்கு ஒண்ணும் காட்டலம்மா, போயிட்டு வாங்க" என்றாள். அறந்தாங்கியிலிருந்து ஒருத்தி, துபாயில் இருக்கும் புருஷன் போன் எடுப்பதில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். அவளுக்குக்கூடத் தலையில் கை வைத்து ஜெபிக்கவில்லை, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். கடைசியில் முட்டி வலி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே இருந்தாள். காலை ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பயம் வந்தது. அப்பாவும் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது ஆண்டவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குத் தொழில், பேரப்பிள்ளை, டிவி நாடகம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அவளுக்கு அது எதுவும் கிடையாது. அந்த ஒருவரையும் அவளிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன் என்று புரிந்தபோது உண்மையாகவே முட்டி போட்டேன். "ஆண்டவரே, அம்மா உம்மை விட்டுப் போயிட்டாங்க. திரும்பக் கூட்டிக்கொள்ளும்" என்று கெஞ்சினேன். பழக்கதோஷம், சத்தமாகவே வந்துவிட்டது. அடுப்படியில் ஒரு தட்டு தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி நின்றது. இதையும் நான் குத்திக்காட்டுவதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

மறுநாள் காலை உள்ளறைக்குள் நான் போகும் முன்பே அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

"ஏ புள்ள, நேத்து சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்லப் போறியா, இல்ல புதுசா எதும் வச்சிருக்கியா?"

இத்தனை வருஷத்தில் தான் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

"ஒங்கப்பா விசயத்த நானும் அவர்கிட்ட தெனமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். நான் கொன்னுட்டேன் ஆண்டவரேன்னு. மத்ததையெல்லாம் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவேன். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், மனசுக்குள்ளயே சொல்லுவேன். நான் நெசமா பண்ணுன ஜெபம் அது ஒண்ணுதான். நீ சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பிச்ச அன்னையிலேருந்து எனக்கு அது வர மாட்டேங்குது. முட்டி போட்டா ஒன் கொரல்தான் கேக்குது. அங்கிட்டு அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல."

அழாமல் சொன்னாள். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எப்பவும் போல உள்ள போயி அவர்கிட்டயே சொல்லு. நான் இங்கிட்டு நின்னு கேட்டுக்கிறேன்."

உள்ளே போனேன், முட்டி போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா, நான் சொல்வது நன்றாகக் கேட்கவேண்டும் என்று, கொதிக்கிற சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை. ஏழு பத்து பஸ் போகும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.