மணி அடித்து ஆடிய இறுதிப்போட்டி

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹம் நகரில் மகள் கூடைப்பந்து ஆடிய அரங்கில் நடுவர் விசில் ஊதினார். என் கண்கள் தாமாகவே கூரைக்குப் போயின.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் விசில் கேட்டால் குண்டு போட விமானம் வருகிறது என்று அர்த்தம். அதனால் கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்து இறுதிப்போட்டியை எங்கள் விளையாட்டு மாஸ்டர் கைமணி அடித்துத்தான் நடத்தினார். மைதான ஓரத்துப் பதுங்குகுழிகளில் ஈரமண் மணத்தது. புள்ளிகள் சமனாக இருந்தன. அண்ணா கடைசி எறிவுக்குப் பந்தோடு நின்றபோது விசில் கேட்டது. எல்லாரும் குழிக்குள் குதித்தோம். மணியை நெஞ்சோடு அணைத்தபடி மாஸ்டர் கத்தினார்.

“டேய், ஓடி வாடா.”

“ஒரு எறிதான் சேர், வாறன்,” என்றான் அண்ணா.

குண்டு மைதானத்திலேயே விழுந்தது.

செத்தவீட்டில் மாஸ்டர் வெற்றிக் கிண்ணத்தை அம்மாவின் முன் வைத்தார்.

“பந்து வளையத்துக்குள்ள விழுந்தது அக்கா. நான் கண்டனான்.”

அம்மா கிண்ணத்தைப் பார்க்கவில்லை.

“நீங்கள் மணியை அடிச்சு ஆட்டத்தை முடிச்சிருந்தா அவன் விட்டிட்டு வந்திருப்பான், மாஸ்டர்.”

அரங்கில் மறுபடி விசில் கேட்டது. மகள் எறியும் கோட்டில் நின்று, அவசரமில்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று, ‘ஓடி வா’ என்று கத்திவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டேன்.