மாமனாருக்குக் கட்டிய பச்சை வலை

என்னைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை, நானே எழுதிவிடுகிறேன். பெயர் சிவசங்கர், ஊர் சிங்கவரம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரில் தாவரவியல் நடத்துகிறேன். ஊருக்குத்தான் உபதேசம், எனக்கில்லை.

என் மனைவி மணிமொழிக்கு விவசாயப் பைத்தியம். அனந்தபுரத்தில் அவள் அப்பா வீராசாமியின் நிலம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கேட்டாள். முதலில் நாற்று விட்டுக் காட்டு, பேத்தி காதுகுத்துக்கு வரும்போது பார்த்துச் சொல்கிறேன் என்றார். வீட்டுக்குப் பின்னால் பச்சை நிழல்வலை கட்டி, அதன்கீழ் பாத்தி போட்டு மிளகாய் நாற்று விட்டாள். பிள்ளையைவிட அதைத்தான் அதிகம் கொஞ்சினாள்.

காதுகுத்து அக்னி நட்சத்திரத்தில். பந்தல்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். மாமனார் வெயிலில் உட்கார்ந்தால் என் மானம் என்னாவது? விடிந்ததும் யாரையும் கேட்காமல் நிழல்வலையை அவிழ்த்து வாசலில் கட்டிவிட்டேன். இலைக்கு வெயில்தானே சோறு, ஒருநாள் வயிறாரச் சாப்பிடட்டும் என்று சமாதானம் வேறு.

இத்தனைக்கும் அந்த வாரம்தான் வகுப்பில் முழங்கியிருந்தேன். தேவைக்குமேல் வெளிச்சம் வந்தால் இலை மிச்சத்தை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளிவிடும், இல்லாவிட்டால் அந்த வெளிச்சமே இலையைக் கெடுத்துவிடும், நிழலில் வளர்ந்த இலைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்று. போர்டில் படம்கூடப் போட்டேன். என்ன பிரயோஜனம்!

காலையிலிருந்து வேலையில் தலைநிமிராத மணிமொழி, பந்தி நடக்கும்போதுதான் பின்னால் போய், துவண்டு கிடந்த நாற்றைப் பார்த்தாள். சாப்பிடுகிறவர்கள் தலைமேலிருந்து வலையைப் பிடுங்க முடியுமா? உள்ளே போய், அப்பா சீராகக் கொண்டுவந்த பட்டுப்புடவையைப் பிரித்து எடுத்துவந்து, வலை கட்டியிருந்த கம்புகளின்மேல் கட்டினாள். பாதிப் பாத்திக்குத்தான் எட்டியது.

சாயங்காலம் மாமனார் நாற்றைப் பார்க்க வந்தார். புடவைக்குக் கீழே பாதி நிமிர்ந்திருந்தது. மீதி காகிதமாய் வெளுத்துக் கிடந்தது. மணிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம் அல்லவா? இலை ஏன் வெளுத்தது என்று நான் அவருக்கு முழுப் பாடமும் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இவ்ளோ தெரிஞ்சிருக்குது. அப்புறம் இன்னாத்துக்கு மாப்ள வலைய அவுத்தீங்க?"

"உங்க தலையில வெயில் படக்கூடாதுன்னுதான், மாமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெயிலில் சாயம் மங்கியிருந்த பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்த்தார்.

"நிலம் உனக்குத்தாம்மா," என்றார் மகளிடம். "மாப்ளைய மட்டும் அங்க இட்டுகினு வராத."