கண்ணில் குறையில்லை

புதுச்சத்திரம் பக்கத்து நூல்மில்லில் ரஞ்சிதாவுக்குப் பன்னிரண்டு வருட வேலை. போன ஆவணியில், அவளுடைய மெஷினுக்கு எதிரே மாட்டியிருந்த உற்பத்திக் கணக்கு காட்டும் எல்.இ.டி. பலகையை நான்கு இலக்கத்திலிருந்து எட்டு இலக்கமாக்கினார்கள். அன்றிலிருந்து பலகை மங்கியது. எண்கள் துடிப்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஷிப்ட் முடிவதற்குள் நெற்றிப்பொட்டு வலியில் தெறித்தது.

சூப்பர்வைசர் அன்பரசுவிடம் மூன்று முறை சொன்னாள். "நூறு பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் தெரியுதா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். கண் டாக்டரிடம் போய், பார்வையில் குறையில்லை என்று எழுதி வாங்கிவந்து காட்டினாள்.

"அப்ப நீ சொல்றது பொய்தானே!" என்றார், அதையும் எல்லார் காதிலும் விழ.

பலகையைப் பராமரிக்கும் இளஞ்செழியன் வந்த அன்று அவளே போய் மறித்தாள்.

"ஏனுங்க, பலகைக்குக் குறுக்கே பார்வையை வெடுக்குனு ஓட்டிப் பாருங்க."

அவர் பார்த்தார். எண்கள் தனித்தனியாகச் சிதறின.

"நெசந்தானுங்க. ஒரு நேரத்துல ஒரு இலக்கந்தான் எரியும், மாத்தி மாத்தி. எட்டானதும் சுத்திவர்ற நேரம் ரெட்டிப்பாயிருச்சு. அதான் துடிக்குது. ஒவ்வொண்ணும் எரியற பங்கும் பாதியாயிருச்சு, அதான் மங்குது."

சுற்றின் வேகத்தை நான்கு மடங்காக்கினார்; மங்கல் போக மின்னோட்டத்தையும் கூட்டினார். பலகை துடிப்பில்லாமல் பளிச்சென்று எரிந்தது.

"நல்லா இருக்குது" என்று, பார்க்க வந்திருந்த அன்பரசு நகரப் பார்த்தார். ரஞ்சிதா வழிவிடவில்லை.

"பொய்யின்னு எல்லாரும் கேக்கத்தானுங்க சொன்னீங்க? தப்புன்னும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க சார்."

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க."

இரண்டாம் முறை மெஷின் சத்தத்தை மீறிச் சொன்னார்: "தப்பு என் மேலதான்!"

ரஞ்சிதா ஒதுங்கி வழிவிட்டாள்.